ஜெஸ்ஸி வின்செஸ்டர்: கட்டாயப் படைச்சேவையை மறுத்து நாடு நீங்கிய பாடகர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெஸ்ஸி வின்செஸ்டரின் பாடல்களைக் கேட்டுப் பாருங்கள் என்று நான் யாரிடம் சொன்னாலும், பேச்சு விரைவிலேயே பாடலை விட்டு அவர் அமெரிக்காவை நீங்கிய கதைக்குத் திரும்பிவிடுகிறது. ஒரே ஐயங்களே மீண்டும் மீண்டும் வருவதால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே தொகுத்து, எனக்குத் தெரிந்த விடைகளை எழுதியிருக்கிறேன்.

யார் இந்த ஜெஸ்ஸி வின்செஸ்டர்? நான் கேள்விப்பட்டதே இல்லையே.

அவர் 1944 மே 17 அன்று லூசியானா மாநிலத்தில் பிறந்து, டென்னசியின் மெம்ஃபிஸ் நகரில் வளர்ந்து, மாசசூசெட்ஸில் உள்ள வில்லியம்ஸ் கல்லூரியில் 1966இல் பட்டம் பெற்றவர். வியட்நாம் போருக்காகத் தம்மைப் படையில் சேரச் சொல்லி வந்த அழைப்பை ஏற்காமல், 1967 ஜனவரியில் விமானமேறிக் கனடாவின் மாண்ட்ரியல் நகருக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது 22. அங்கேதான் அவர் பாடல் எழுதத் தொடங்கினார். 1970இல் வெளிவந்த முதல் இசைத்தட்டிலேயே, அந்தத் தலைமுறையின் நுட்பமான பாடலாசிரியர்களுள் ஒருவர் என்று விமர்சகர்கள் அவரை அடையாளம் கண்டார்கள்.

நீங்கள் கேள்விப்படாததற்குக் காரணம் உங்கள் குறை அன்று. அவர் பெயர் பரவியிருக்க வேண்டிய ஆண்டுகளில் அவரால் தம் சொந்த நாட்டுக்குள் காலடி வைக்க முடியவில்லை. இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

அமெரிக்காவில் எல்லா இளைஞர்களையும் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்த்தார்களா?

இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயதான ஆண்கள் எல்லோரும் தங்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். நாடு முழுவதும் இருந்த ஏறத்தாழ 4,000 உள்ளூர் ஆள்சேர்ப்பு வாரியங்கள் ஒவ்வொருவரையும் வகைப்படுத்தும். கல்லூரி மாணவர், உடல்தகுதி அற்றவர், மனசாட்சி காரணமாகப் போரை மறுப்பவர் எனப் பல வகைகள் உண்டு. இவற்றில் எதிலும் சேராதவர் உடனே அழைக்கத்தக்கவர் ஆவார். மேலிடம் மாதந்தோறும் எத்தனை பேர் வேண்டும் என்று கேட்கும். வாரியம் அத்தனை பேருக்கு அழைப்பு அனுப்பும். 1966ஆம் ஆண்டில் மட்டும் 3,80,000க்கும் மேற்பட்டவர்கள் இப்படி எடுக்கப்பட்டார்கள். வியட்நாம் போர்க்காலம் முழுவதிலும் இந்த எண்ணிக்கை 18 இலட்சத்தைத் தாண்டியது.

வின்செஸ்டர் பட்டம் பெற்ற ஆண்டும் அதே 1966தான் என்பதைக் கவனிக்க வேண்டும். கல்லூரியில் இருந்தவரை கிடைத்த ஒத்திவைப்பு, படிப்பு முடிந்ததும் முடிந்துவிட்டது. இந்தியாவில் கட்டாயப் படைச்சேவை இல்லாததால், தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அந்த அழைப்பாணையின் கனம் உடனே விளங்குவதில்லை. இறுதிப்போர்க் கால வன்னியில் கட்டாய ஆள்சேர்ப்புக்கு அஞ்சிப் பிள்ளைகளை ஒளித்து வைத்த குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

அவர் போருக்கு எதிரான போராளியா, அல்லது பயந்து ஓடியவரா?

இரண்டு சொற்களுமே அவருக்குப் பொருந்துவதாக நான் நினைக்கவில்லை. அவர் ஊர்வலம் நடத்தியவரோ, மேடையேறி முழங்கியவரோ அல்லர். பிற்காலத்து நேர்காணல் ஒன்றில் அவர் சொன்ன காரணம் மிக எளிமையானது: தான் யாரைக் கொல்ல வேண்டும் என்பதையும், தன் உயிருக்கு என்ன மதிப்பு என்பதையும் வேறொருவர் வந்து தனக்குச் சொல்ல முற்பட்டதே தன்னைப் புண்படுத்தியது என்றார். அரசியல் கோட்பாடு எதையும் அவர் அதன் மேல் ஏற்றவில்லை.

பயம் இருந்திருக்கலாம்; இருபத்திரண்டு வயதில் போர்முனைக்கு அழைக்கப்படுபவருக்குப் பயம் இல்லாதிருந்தால்தான் வியப்பு. ஆனால் பயம் மட்டுமே காரணமாக இருந்தால், அவரைப் போன்ற பட்டதாரிக்கு எளிதான வழிகள் இருந்தன. மேற்படிப்பில் சேரலாம், தெரிந்த மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கலாம், உள்நாட்டிலேயே பணியாற்றும் மாநிலக் காவற்படையில் இடம் தேடலாம். பலர் அப்படிச் செய்தார்கள். தாய்நாட்டுக்குத் திரும்பவே முடியாமல் போகலாம் என்று தெரிந்தும் நாட்டை நீங்குவது அவற்றுள் எளிதான வழி ஆகாது.

மனசாட்சி காரணமாக மறுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கலாமே? சட்டத்திலேயே அதற்கு இடம் இருந்தது என்கிறீர்களே.

இடம் இருந்தது, ஆனால் மிகக் குறுகலான இடம். சமயப் பயிற்சியும் நம்பிக்கையும் காரணமாக எல்லாப் போரையும் மறுப்பவருக்கே அந்த வகை உரியதாக இருந்தது. குவேக்கர், மெனோனைட் போன்ற அமைதிச் சபைகளில் பிறந்தவர்களுக்கு அதை நிறுவுவது எளிது. மற்றவர்கள் உள்ளூர் வாரியத்தின் நல்லெண்ணத்தை நம்பியே நிற்க வேண்டும். சமயத்துக்கு இணையான ஆழ்ந்த நம்பிக்கையும் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1965இல் கூறியது. சமயச் சார்பே இல்லாத அறநம்பிக்கையும் ஏற்கத்தக்கது என்ற தெளிவு 1970இல்தான் வந்தது. அப்போது வின்செஸ்டர் கனடா சென்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இதற்கெல்லாம் மேலாக, இந்த ஒரு போர் அநீதியானது என்பதற்காக மட்டும் மறுப்பவருக்கு இச்சலுகை கிடையாது என்று 1971இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வியட்நாம் போரை எதிர்த்த பெரும்பாலான இளைஞர்கள் இந்த இடைவெளியில்தான் விழுந்தார்கள்.

முகமது அலி ஓடவில்லையே, நின்று வழக்காடினாரே?

ஆம், அதன் பெருமையை யாரும் குறைக்க முடியாது. அலி 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் படையில் சேர மறுத்தார். அவருடைய வாகையர் பட்டம் பறிக்கப்பட்டது; ஐந்தாண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கும் வரை பிணையில் வெளியே இருந்தாலும், ஒரு குத்துச்சண்டை வீரரின் உச்சமான மூன்று ஆண்டுகளுக்கும் மேல் அவரால் களமிறங்க முடியவில்லை.

நின்று மறுத்தவரும் நீங்கிச் சென்றவரும் ஒரே விலையை வேறு வேறு நாணயத்தில் கொடுத்தார்கள் என்பதே என் கருத்து. பெயரும் பணமும் வழக்கறிஞர்களும் இருந்த அலியே இவ்வளவு இழந்தார் என்றால், பெயரற்ற ஓர் இளைஞர் நீதிமன்றத்தில் என்ன பெற்றிருப்பார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அக்காலத்தில் ஏறத்தாழ 2,10,000 பேர் கட்டாயச் சேவைச் சட்டத்தை மீறியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, ஏறத்தாழ 8,750 பேர் தண்டிக்கப்பட்டு, 3,250 பேர் சிறை சென்றார்கள்.

கனடா அவரை அகதியாக ஏற்றுக்கொண்டதா?

சட்டப்படி அவர் அகதி அல்லர். 1983க்குப் பிறகு இதே மாண்ட்ரியலுக்கும் டொரன்டோவுக்கும் வந்த ஈழத்தமிழர்களின் வழக்குகள் அகதிகள் உடன்படிக்கையின் கீழ் விசாரிக்கப்பட்டதால், அமெரிக்க இளைஞர்களும் அப்படித்தான் வந்திருப்பார்கள் என்று நம்மவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வந்தது சாதாரணக் குடியேறிகளாகத்தான். கல்வி, வயது, மொழியறிவு ஆகியவற்றுக்குப் புள்ளி தரும் முறை 1967இல் அறிமுகமாயிற்று. பார்வையாளராக வந்தவர் கனடாவில் இருந்தபடியே நிரந்தரக் குடியேற்றத்துக்கு விண்ணப்பிக்கவும் அப்போது முடிந்தது. கல்லூரிப் படிப்புள்ள ஆங்கிலம் பேசும் இளைஞருக்கு அது திறந்த கதவு. 1972இல் அந்த வசதி மூடப்பட்டது.

அமெரிக்கா கேட்டாலும் கனடா அவர்களைப் பிடித்துக் கொடுக்க வேண்டியதில்லை. ஏனெனில் இரு நாடுகளிலும் குற்றமாக இருக்கும் செயலுக்கே நாடு கடத்தல் ஒப்பந்தம் பொருந்தும், கனடாவில் அப்போது கட்டாயப் படைச்சேவையே இல்லை. 1969 மே மாதம், எல்லையில் எவருடைய படைத்துறை நிலையையும் கேட்கக் கூடாது என்று குடிவரவு அமைச்சர் ஆலன் மெக்கீச்சன் அறிவித்ததோடு, படையிலிருந்து தப்பி வந்தவர்களுக்கும் வழி திறந்தது. இப்படிக் கனடாவுக்குள் வந்த படைமறுப்பாளர்கள் 30,000 முதல் 40,000 வரை இருப்பார்கள் என்பது பரவலான மதிப்பீடு.

ஏன் மாண்ட்ரியல்? பிரெஞ்சு பேசும் ஊரில் தெற்கத்திப் பாடகருக்கு என்ன பிழைப்பு?

மாண்ட்ரியல் அமைந்துள்ள கியூபெக் மாநிலத்துக்குக் கட்டாயப் படைச்சேவையோடு ஒரு பழைய பகை உண்டு. முதல் உலகப்போரின் போது 1918இல் கியூபெக் நகரில் அதை எதிர்த்துக் கிளர்ந்த மக்கள் மேல் படையினர் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். 1942 வாக்கெடுப்பில் அம்மாநிலம் பெரும்பான்மையாக எதிர்த்து வாக்களித்தது. வின்செஸ்டர் அதை அறிந்து போனார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் படைமறுப்பு என்பது வெட்கத்துக்குரியதாகக் கருதப்படாத ஓர் ஊரில் அவர் போய்ச் சேர்ந்தார்.

பிழைப்புக்காக அவர் அங்கிருந்த பிரெஞ்சு நடனக் குழு ஒன்றில் கிட்டார் வாசித்தார். பிறகு காப்பிக் கடை மேடைகளில் தனியாகப் பாடத் தொடங்கினார். அப்படிப் பாடுவதற்காகவே சொந்தப் பாடல்களும் எழுதலானார். டொரன்டோவில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்றிருந்த கிட்டார் கலைஞர் ராபி ராபர்ட்சன் அவருடைய பாடல்களைக் கேட்டு, 1970இல் முதல் இசைத்தட்டைத் தயாரித்துக் கொடுத்தார்.

அப்படி என்னதான் இழந்தார்? இசைத்தட்டு வந்துவிட்டதே.

இசைத்தட்டு எல்லையைக் கடந்தது. பாடகரால் கடக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் ஒரு புதிய பாடலாசிரியர் ஊர் ஊராகச் சென்று பாடித்தான் கேட்பவர்களைச் சேர்த்தார். வானொலி நிலையங்களுக்குச் செல்வது, பெரிய கலைஞரின் நிகழ்ச்சிக்கு முன்னால் அரை மணி நேரம் பாடுவது, கல்லூரி அரங்குகளில் மாணவர்களைச் சந்திப்பது என்று எல்லாமே நேரில் நடந்தன. வின்செஸ்டர் அமெரிக்க மண்ணில் இறங்கினால் கைதாகும் நிலையில் இருந்தார். 1970 முதல் 1976 வரை நான்கு இசைத்தட்டுகள் வெளிவந்தன. ஒன்றுக்கும் தம் நாட்டில் ஓர் ஊரில்கூட நின்று அவரால் பாட முடியவில்லை. பாராட்டு வந்தது, விற்பனை வரவில்லை.

அவருடைய பாடல்களோ அவர் போக முடியாத இடங்களுக்கெல்லாம் போயின. டென்னசியைப் பற்றி அவர் எழுதிய ‘த பிராண்ட் நியூ டென்னசி வால்ட்ஸ்’ பாடலை ஜோன் பயெஸும் எவர்லி சகோதரர்களும் பதிவு செய்தார்கள். தான் நுழைய முடியாத மாநிலத்தைப் பற்றித் தான் எழுதிய பாடலை வேறு குரல்கள் அந்த மாநிலத்திலேயே பாட, வாசலுக்கு வெளியே நிற்பவரைப் போலக் கேட்டிருக்க வேண்டிய நிலை ஒரு பாடகருக்கு எத்தகையது என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

1972இல் வந்த இரண்டாம் இசைத்தட்டின் தலைப்பு கனடியக் கால்பந்தாட்டத்திலிருந்து எடுத்தது: மூன்றே முயற்சிகள் கொண்ட அந்த ஆட்டத்தில் மூன்றாவதும் வந்துவிட்டது, கடக்க வேண்டிய 110 கெஜ மைதானம் முழுவதும் அப்படியே இருக்கிறது என்பது அதன் பொருள். அவர் தம் நிலையைப் பற்றி வெளிப்படையாகச் சொன்ன மிகச் சில இடங்களுள் அதுவும் ஒன்று.

போரை மறுத்து வந்தவர் போருக்கு எதிராகப் பாட்டு எழுதவில்லையா?

கேட்கும் பலருக்கும் இதில் ஏமாற்றம் உண்டு. எதிர்ப்புப் பாடலாசிரியர் என்ற பெயரை அவர் எளிதாகப் பெற்றிருக்கலாம். அதை அவர் நாடவில்லை. அவருடைய பாடல்களில் காதலும் இறைநம்பிக்கையும் குடும்பமும் தெற்கத்தி ஊர்களும்தான் நிறைந்திருக்கின்றன. முதல் தட்டில் ராபர்ட்சனோடு சேர்ந்து எழுதிய பாடல் ஒன்று வடக்கின் பனியைப் பற்றியது. இன்னொன்று மிசிசிப்பிக் கடற்கரை ஊரான பிலாக்சியைப் பற்றியது. பனி பெய்யும் ஊரில் அமர்ந்து, சூடான கடலைப் பாடியிருக்கிறார்.

1974இல் வெளியான ‘மிசிசிப்பி, யூ ஆர் ஆன் மை மைண்ட்’ பாடலைத்தான் நான் எப்போதும் முதலில் கேட்கச் சொல்வேன். வண்டித்தடம் பதிந்து இடையில் புல் மண்டிய பாதை, துருப்பிடித்த முள்கம்பி வேலி, அதற்கப்பால் தார்க்காகிதம் வேய்ந்த பழைய குடிசை என்று, கண்ணில் கண்ட வரிசையிலேயே பொருள்கள் வருகின்றன. பிரிவு, ஏக்கம், தண்டனை ஆகிய எதையும் பாடல் விவரிக்க முயலவில்லை. நிலத்தையும் அதன் கருப்பொருள்களையும் சொன்னாலே உள்ளத்தின் நிலை தெரிந்துவிடும் என்பதைச் சங்க அகப்பாடல்கள் வழி அறிந்த தமிழ் வாசகர், அமெரிக்க வாசகரைவிட விரைவாக இப்பாடலுக்குள் நுழைய முடியும் என்று நம்புகிறேன். அதில் உள்ள ஒவ்வொரு பொருளும் பாடகர் திரும்பிப் போய்ச் சரிபார்க்க முடியாத பொருள். நினைவை மட்டுமே நம்பி எழுதியதால்தான் அவ்வளவு துல்லியமாக அமைந்தது என்பது என் எண்ணம்.

பிறகு எப்படித் திரும்ப முடிந்தது? யார் மன்னித்தார்கள்?

இரண்டு கட்டங்கள் உண்டு. அதிபர் ஜெரால்டு ஃபோர்டு 1974 செப்டம்பரில் ஒரு திட்டத்தை அறிவித்தார். திரும்பி வருபவர் நாட்டுக்கு விசுவாசம் தெரிவித்து, இரண்டு ஆண்டுகள் வரை பொதுப்பணி செய்ய வேண்டும். முந்தைய அதிபர் நிக்சனுக்கு நிபந்தனையே இல்லாத மன்னிப்பை அவர் அளித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. குற்றம் செய்ததாக ஒப்புக்கொண்டால்தான் வீட்டுக்கு வரலாம் என்பதைக் கனடாவில் இருந்த பெரும்பாலோர் ஏற்கவில்லை.

அடுத்து வந்தவர் ஜிம்மி கார்ட்டர். 1976 ஆகஸ்டில் சியாட்டில் நகரில் முன்னாள் படைவீரர்களின் மாநாட்டிலேயே தாம் மன்னிப்பு அளிக்கப்போவதாகச் சொல்லி, அவர்களுடைய கூச்சலையும் எதிர்கொண்டார். மறுத்தவர்கள் செய்தது சரி என்று அரசு சொல்லாது, சரியோ தவறோ அது மன்னிக்கப்படுகிறது என்று மட்டுமே சொல்லும் என்பது அவர் நிலைப்பாடு. பதவியேற்ற மறுநாள், 1977 ஜனவரி 21 அன்று, ஆணையில் கையெழுத்திட்டார். 1964 ஆகஸ்ட் 4 முதல் 1973 மார்ச் 28 வரை கட்டாயச் சேவைச் சட்டத்தை வன்முறையின்றி மீறியவர்கள் அனைவரும் அதில் அடங்குவர்.

அவர் கனடியக் குடிமகன் ஆகிவிட்டாரே, அமெரிக்க மன்னிப்பு அவருக்குச் செல்லுமா?

நுணுக்கமான கேள்வி. வின்செஸ்டர் 1973இல் கனடியக் குடியுரிமை பெற்றார். படைச்சேவையைத் தவிர்க்க நாட்டை நீங்கிய அயல்நாட்டவரை உள்ளே விடக்கூடாது என்று அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. வழக்கு மன்னிக்கப்பட்டாலும், வேறு நாட்டுக் குடிமகனாகிவிட்டவர் இந்தப் பிரிவால் தடுக்கப்படலாம். மன்னிப்போடு சேர்த்து கார்ட்டர் பிறப்பித்த நிர்வாக ஆணை, அப்படிப்பட்டவர்களும் பிற அயல்நாட்டவரைப் போலவே வந்து போகலாம் என்று அந்தத் தடையை நீக்கியது. அதன்பின் 1977 ஏப்ரலில், எல்லையை அடுத்த வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் அவர் பாடினார். புறப்பட்டுச் சென்று பத்தாண்டுகளுக்குப் பிறகு சொந்த நாட்டில் அவருடைய முதல் நிகழ்ச்சி அதுவே.

மன்னிப்புக் கிடைத்ததும் ஏன் ஊருக்கே போய்விடவில்லை?

அவருக்கு மாண்ட்ரியலில் மனைவியும் பிள்ளைகளும் வீடும் இருந்தன. ஊர் என்பது இரண்டாகிவிட்டது. அவர் விர்ஜீனியாவில் குடியேறியது 2000களின் தொடக்கத்தில்தான். இடையில் 1981இல் மெம்ஃபிஸிலேயே ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார். அதிலிருந்த ஒரு பாடல் அமெரிக்கப் பட்டியலில் முதல் நாற்பதுக்குள் வந்தது. அத்தகைய வெற்றி அவருக்கு அந்த ஒருமுறைதான் வாய்த்தது. பாடலாசிரியர்களின் காலம் என்று சொல்லப்படும் எழுபதுகளின் தொடக்கம் அப்போது கடந்துபோயிருந்தது. மன்னிப்பால் வழக்கு நீங்கியதே தவிர, அந்தப் பருவம் திரும்பவில்லை. 2014 ஏப்ரல் 11 அன்று சார்லட்ஸ்வில் நகரில், 69ஆம் வயதில் அவர் காலமானார்.

படையில் சேர்ந்த பிறகு தப்பியவர்களுக்கும் மன்னிப்பு உண்டா?

இல்லை. கார்ட்டரின் ஆணை படையில் சேராமல் மறுத்தவர்களுக்கு மட்டுமே. சேர்ந்த பிறகு, போரை நேரில் கண்டோ பயிற்சியின் போதோ விலகியவர்கள் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இது பெரிய அநீதி என்றே கருதுகிறேன். மறுத்தவர்களில் படித்த நடுத்தர வகுப்பினர் மிகுதி. தப்பியவர்களில் உழைக்கும் வகுப்பினர் மிகுதி. முன்கூட்டியே வழி தெரிந்தவருக்கு மன்னிப்பும், பிறகு கண் திறந்தவருக்கு விசாரணையும் கிடைத்தன.

அவர் போகாததால் வேறொரு ஏழைப் பையன் போயிருப்பானே? அதற்கு என்ன பதில்?

இந்தத் தொகுப்பிலேயே கடினமான கேள்வி இது. அதை மழுப்பக் கூடாது. முன்பு சொன்னபடி வாரியம் எண்ணிக்கையை நிரப்பியாக வேண்டும். ஒருவர் வராவிட்டால் பட்டியலில் அடுத்தவர் அழைக்கப்படுவார். அந்த அடுத்தவர் கல்லூரிக்குப் போக வசதியற்றவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1966இல் பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா தேர்வுத் தகுதியைக் குறைத்துக் கொண்டுவந்த திட்டத்தின் கீழ், அதுவரை தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த 3,50,000க்கும் மேற்பட்டவர்கள் படைக்குள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் ஏழைகளும் கறுப்பினத்தவரும் மிகுதி. மெம்ஃபிஸில் வின்செஸ்டருக்கு அண்டை வீதிகளில் வாழ்ந்த கறுப்பின இளைஞர்களுக்கு மாண்ட்ரியல் விமானச்சீட்டு எட்டாதது.

ஆயினும், ஒருவர் கொல்ல மறுப்பதால் இன்னொருவரை அனுப்புவோம் என்ற ஏற்பாட்டை வகுத்தது அரசு. அதன் பொறுப்பை மறுத்தவர் மேல் சுமத்தினால், அந்த ஏற்பாட்டை எவராலும் மறுக்கவே முடியாமல் போகும். மறுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் பெருகி, அரசு வழக்கறிஞர்களால் எல்லோர் மேலும் வழக்குத் தொடர முடியாத நிலை வந்ததும் 1973இல் கட்டாயச் சேவை கைவிடப்பட்டதற்கான காரணங்களுள் ஒன்று.

இன்று ஒரு கலைஞர் இதே காரணத்துக்காக வெளியேறினால் புகலிடம் கிடைக்குமா?

படைச்சேவையைத் தவிர்த்தார் என்பது மட்டும் போதாது. ஐ.நா. அகதிகள் முகமையின் வழிகாட்டுதல்களின்படி, ஆழ்ந்த மனசாட்சி மறுப்புக்கு மாற்று வழியே தராத நாடு, மறுப்பவரை அளவுமீறித் தண்டிக்கும் நாடு, போர்க்குற்றங்களில் பங்கெடுக்க வேண்டிவரும் போர் போன்ற சூழல்களில் புகலிடத்துக்குக் காரணம் உண்டு. எரித்திரியா இதற்கு வலுவான எடுத்துக்காட்டு: அங்கே 1995ஆம் ஆண்டுச் சட்டம் 18 மாதங்கள் என்று சொல்லும் தேசியச் சேவை, நடைமுறையில் முடிவற்று நீள்கிறது.

கனடாவை நம்பி வருபவர்கள் ஒன்றை அறிந்திருப்பது நல்லது. ஈராக் போரை மறுத்து வந்த அமெரிக்கப் படைவீரர்களின் அகதிக் கோரிக்கைகளைக் கனடிய நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. அவர்கள் தாமே முன்வந்து படையில் சேர்ந்தவர்கள், சொந்த நாட்டிலேயே முறையிட அவர்களுக்கு வழி உண்டு என்பன அப்போது சொல்லப்பட்ட காரணங்கள். 2007இல் கனடிய உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைக் கேட்கவும் மறுத்துவிட்டது. அமெரிக்காவிலோ, மன்னிப்பு அளித்த அதே கார்ட்டர், சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் நுழைந்ததை அடுத்து 1980இல் இளைஞர்களின் பெயர்ப்பதிவை மீண்டும் கட்டாயமாக்கினார். அழைப்பாணைகள் அதன்பின் அனுப்பப்படவில்லை. பதிவுச் சட்டம் நீடிக்கிறது.